ராஜினாமாக் கடிதத்தில் கரைந்துபோகும் உரிமைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நான்கும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டதாக ஒன்றிய அரசு அறிவித்ததிலிருந்து விவாதம் ஓயவில்லை. பழைய 29 சட்டங்களுக்கு என்ன ஆயிற்று, வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு கேட்பது நியாயமா, ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி தேவைப்படும் வரம்பை 100 பேரிலிருந்து 300 பேராக உயர்த்தியதால் யாருக்கு லாபம் என்றெல்லாம் தலைவர்கள் பேசுகிறார்கள். அவசியமான விவாதம்தான். ஆனால் 15 பேரோ 40 பேரோ வேலை பார்க்கும் ஜவுளிக்கடை, மருந்து மொத்த விற்பனை நிலையம், அச்சகம், லாரி புக்கிங் அலுவலகம் போன்ற இடங்களில் இருப்பவர்களை அது தொடுவதே இல்லை. அவர்கள் பெரும்பாலும் கதவடைப்பாலோ ஆட்குறைப்பாலோ வேலையை இழப்பதில்லை. தம் கையாலேயே கையெழுத்திட்டுக் கொடுக்கும் ராஜினாமாக் கடிதத்தால்தான் இழக்கிறார்கள். அதைப் பற்றித் தங்கள் வாசகர்களுக்குச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

விருதுநகர், மதுரை வட்டாரத்துச் சிறு நிறுவனங்களுக்குச் சம்பளப் பட்டியல் போடுவதும், மாதந்தோறும் 15-ஆம் தேதிக்குள் பி.எஃப்., இ.எஸ்.ஐ. செலான் கட்டுவதும் என் தொழிலாக இருந்தது. சங்கத்தில் இருந்தவனோ வழக்கறிஞனோ அல்ல. முதலாளியின் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கணக்கு எழுதியவன். அங்கிருந்து பார்த்தால், தொழிலாளி எந்த இடத்தில் எதை இழக்கிறார் என்பது தெளிவாகத் தெரியும்.

அந்த ராஜினாமாக் கடிதத்தின் வாசகம் எந்த ஊரிலும் ஏறத்தாழ ஒன்றுதான். ‘எனது சொந்தக் காரணங்களுக்காக இன்று முதல் பணியிலிருந்து விலகிக்கொள்கிறேன். எனக்குச் சேர வேண்டிய சம்பளம், போனஸ், பணிக்கொடை (கிராஜுவிட்டி) உள்ளிட்ட அனைத்துத் தொகைகளையும் பெற்றுக்கொண்டேன். இனி நிறுவனத்தின் மீது எனக்கு எவ்விதப் பாத்தியதையும் இல்லை’ என்று தட்டச்சு செய்து, தேதிக்கு மட்டும் இடம் விட்டு, அடியில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் மேல் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். சில நிறுவனங்களில் இந்தச் சிரமம்கூட இல்லை. வேலைக்குச் சேரும் நாளிலேயே இரண்டு வெற்றுத்தாள்களில் கையெழுத்து வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்வது வழக்கம். ஸ்டாம்பின் மேல் கையெழுத்துப் போட்டுவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று தொழிலாளி நினைத்துக்கொள்கிறார். முதலாளியும் அப்படித்தான் நினைக்கிறார். சட்டம் அப்படி நினைக்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் விற்பனையாளராக இருந்த பெண்மணியை, ‘வியாபாரம் சரியில்லை, நீங்களாக எழுதிக் கொடுத்துவிட்டால் நல்லபடியாகக் கணக்கு முடித்துவிடலாம், இல்லையென்றால் சர்டிபிகேட்டில் சிக்கல் வரும்’ என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். ஒரு மாதச் சம்பளம் 13,000 ரூபாயும், அதற்கு மேல் 10,000 ரூபாயும் கையில் கொடுத்தார்கள். அவரும் கும்பிட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். இரண்டு மாதம் கழித்து, பி.எஃப். பணம் எடுக்க வேண்டிய படிவத்தோடு என்னிடம் வந்தபோதுதான், ‘பணிக்கொடை வாங்கினீர்களா?’ என்று கேட்டேன். ‘அது ரிட்டயர் ஆகிறவர்களுக்குத்தானே, நான் ராஜினாமா செய்தவள்தானே’ என்றார்.

இந்தத் தவறான எண்ணம் நம் ஊரில் எத்தனை ஆழமாக வேரோடியிருக்கிறது என்பது வியப்பளிக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடையிலும் நிறுவனத்திலும் தொடர்ச்சியாக ஐந்து ஆண்டுகள் பணியாற்றிய எவரும், ஓய்வு பெற்றாலும், பணிநீக்கம் செய்யப்பட்டாலும், தாமாகவே ராஜினாமா செய்தாலும் பணிக்கொடைக்கு உரியவரே. பணியில் இருக்கும்போது இறந்தாலோ உடல் ஊனமுற்று வேலையை விட நேர்ந்தாலோ அந்த ஐந்து ஆண்டுகூட வேண்டியதில்லை. 1972-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொன்னது. இப்போது அதன் இடத்துக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் அதையே சொல்கிறது. கணக்கும் எளிது: கடைசியாக வாங்கிய மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ஓர் ஆண்டுக்கான தொகை கிடைக்கும். அந்தப் பெண்மணிக்கு ஓர் ஆண்டுக்கு 7,500 ரூபாய். ஒன்பது ஆண்டுக்கு 67,500 ரூபாய். 10,000 ரூபாய்க்குக் கும்பிடு போட்டது இந்தத் தொகையைத் தெரியாமல்தான். ‘அனைத்தும் பெற்றுக்கொண்டேன்’ என்று அவர் எழுதிக் கொடுத்த வரியால் அந்த உரிமை அழியவில்லை. பணிக்கொடைச் சட்டத்துக்கு முரணான ஒப்பந்தம் எதுவும் அந்தச் சட்டத்தை மீற முடியாது. தொழிலாளர் துறையின் கட்டுப்பாட்டு அலுவலரிடம் மனு போட்டு, அறிவிப்புப் போனதும், கடைக்காரர் வட்டியோடு கட்டிவிட்டார். அவர் மோசக்காரர் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். ராஜினாமா செய்தவருக்குப் பணிக்கொடை கிடையாது என்று அவரும் உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தார்.

ஆனால் அதே பெண்மணி வேறொன்றை மீட்க முடியாமல் போனது. வேலையை. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆவது பிரிவின்படி, ஆறு மாதம் தொடர்ச்சியாக வேலை செய்த ஒருவரை நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான ஊதியமோ கொடுக்காமலும் நீக்க முடியாது. ஒழுங்கீனம் என்று குற்றம் சாட்டினால், முறையாக விசாரணை நடத்தி, அதில் பதிவான சாட்சியத்தின் பேரில்தான் முன்னறிவிப்பின்றி நீக்கலாம். இப்படி நீக்கப்பட்டவர் தொழிலாளர் துறையில் இதற்கென உள்ள அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்கான கெடு உத்தரவு கிடைத்த நாளிலிருந்து 30 நாள். ஒன்றிய அரசின் தொகுப்புகள் வந்த பிறகும் இந்த மாநிலச் சட்டம் அப்படியே இருக்கிறது என்பதைக் கடைத்தெருவில் வேலை செய்வோர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ராஜினாமாக் கடிதம் கொடுத்தவரை ‘நீக்கப்பட்டவர்’ என்று சட்டம் பார்ப்பதில்லை. அது வற்புறுத்தி வாங்கப்பட்டது என்று நிரூபித்தால்தான் 41-ஆவது பிரிவின் கதவு திறக்கும். அந்த நிரூபணத்துக்கான அவகாசத்தையும் அவர் வீட்டில் அழுதுகொண்டே கழித்துவிட்டார். அவர் என்னிடம் வந்த நாளில் 30 நாள் எப்போதோ கடந்திருந்தது.

ஆகவே, வற்புறுத்தலின் பேரில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பியவர் அன்று மாலையிலேயே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ‘இன்ன தேதியில், இன்னார் முன்னிலையில், இன்ன மிரட்டலின் பேரில் என்னிடம் கையெழுத்து வாங்கப்பட்டது, அது என் விருப்பப்படி தந்தது அல்ல, அதை இதன் மூலம் திரும்பப் பெறுகிறேன், நாளை வழக்கம்போல் வேலைக்கு வருவேன்’ என்று ஒரு பக்கத்தில் எழுதி, நிறுவனத்துக்கு விரைவுத் தபாலில் ஒப்புகை கேட்டு அனுப்ப வேண்டும் (பழைய பதிவுத் தபால் 2025-இல் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டது). மின்னஞ்சலோ வாட்ஸ்அப்போ இருந்தால் அதிலும் அனுப்பிவைக்கலாம். பின்னொரு தேதியில் நடைமுறைக்கு வருவதாகக் கொடுத்த ராஜினாமாவை அந்தத் தேதிக்கு முன் திரும்பப் பெறலாம் என்பது நீதிமன்றங்கள் பலமுறை ஏற்ற நிலைப்பாடு. உடனடி ராஜினாமாவாக இருந்தாலும், அன்றைக்கே அனுப்பிய மறுப்புக் கடிதம் கோப்பில் இருந்தால், பிற்பாடு விசாரிக்கும் அதிகாரியின் முன் தொழிலாளியின் சொல்லுக்கு எடை கூடும். இரண்டு மாதம் கழித்துச் சொல்லும் அதே சொல்லுக்கு அந்த எடை இருக்காது. மறுநாள் காலையில் வேலைக்குப் போய், வாசலிலேயே திருப்பி அனுப்பினால் அதையும் எழுதி அனுப்பிவிட வேண்டும். இந்தக் கடிதத்துக்கு வக்கீல் தேவையில்லை, சட்டப்பிரிவு எண்ணும் தேவையில்லை.

கெடு என்று சொன்னேன். உரிமையைப் பற்றி மேடை போட்டுப் பேசுகிறோம். கெடுவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சட்டம் தெரியாமல் இழப்பவரைவிட, சட்டம் அரைகுறையாகத் தெரிந்து கெடு தெரியாமல் இழப்பவர்கள்தாம் என் அனுபவத்தில் அதிகம். புதிய தொகுப்புகளில் கெடுக்கள் மாறியிருக்கின்றன. குறைந்தபட்ச ஊதியப் பாக்கிக்கு மனு போட முன்பு 6 மாதமும், ஊதியம் வழங்கல் சட்டத்தின் கீழ் 12 மாதமும் இருந்தன. ஊதியத் தொகுப்பில் அது 3 ஆண்டாக நீண்டிருக்கிறது. அதே நேரத்தில், பணிநீக்கத்தை எதிர்த்துத் தொழிலாளர் நீதிமன்றம் போகப் பழைய தொழில் தகராறு சட்டத்தில் இருந்த 3 ஆண்டுக் கெடு போய், சமரச அலுவலர் முன் தகராறை 2 ஆண்டுக்குள் எழுப்பியாக வேண்டும் என்று தொழிலுறவுத் தொகுப்பு சொல்கிறது. ஒன்று நீண்டது, ஒன்று குறுகியது. இரண்டுக்கும் யாரும் தண்டோரா போடவில்லை.

புதிய ஏற்பாடுகளில் தொழிலாளிக்குச் சாதகமானவையும் இருக்கின்றன என்பதை மறைப்பது நியாயமாகாது. வேலையை விட்டு நீக்கினால் இரண்டாவது வேலைநாளுக்குள் சம்பளப் பாக்கியைக் கொடுக்க வேண்டும் என்ற பழைய விதி, இப்போது ராஜினாமா செய்தவருக்கும் பொருந்தும். ‘ஃபுல் அண்ட் ஃபைனல் 45 நாள் கழித்துத்தான் வரும்’ என்று பெரிய நிறுவனங்கள் மின்னஞ்சலில் எழுதுகின்றனவே, சம்பளத்தைப் பொறுத்தவரை அதற்குச் சட்டத்தில் இடமில்லை. அதைவிட முக்கியமானது, ஊதியம் வழங்கப்பட்டது என்பதை நிரூபிக்கும் சுமையை ஊதியத் தொகுப்பின் 59-ஆவது பிரிவு முதலாளியின் மேல் வைத்திருப்பது. கொடுக்கவில்லை என்று தொழிலாளி மனு போட்டால், கொடுத்தேன் என்று காட்ட வேண்டியவர் முதலாளி. அடுத்த பிரிவு, அந்தத் தொகுப்பின்படி தமக்குச் சேர வேண்டிய தொகையைத் தொழிலாளியே விட்டுக்கொடுத்து எழுதித் தந்த ஒப்பந்தமும் செல்லாது என்கிறது. ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய நம் ஊர்க் காகிதத்தை மனத்தில் வைத்தே எழுதியதுபோல் இருக்கிறது.

இன்னொன்று, ஊதியத்தின் வரையறை. அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து, மீதியை வீட்டு வாடகைப் படி, பயணப் படி, சிறப்புப் படி என்று பிரித்துக் காட்டி பி.எஃப்., பணிக்கொடைச் செலவைக் குறைப்பது சம்பளப் பட்டியல் போடுவோருக்கெல்லாம் தெரிந்த கைவேலை. மொத்தச் சம்பளம் 26,000 ரூபாய், அதில் அடிப்படை 10,400 என்று காட்டினால் ஓர் ஆண்டுப் பணிக்கொடை 6,000 ரூபாய்தான் வரும். புதிய வரையறையில், ஊதியக் கணக்கில் சேராத படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால் அந்த மிகுதியும் ஊதியத்தோடு சேர்க்கப்படும். ஆக, அதே ஊழியருக்கு ஊதியம் 13,000 என்றாகி, ஆண்டுக்கு 7,500 ரூபாய் கிடைக்கும். குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் வேலை செய்வோருக்கு இப்போது ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை. ஓராண்டுப் பணிக்கே விகிதாசாரப்படி பணிக்கொடை உண்டு. உழைக்கும் பத்திரிகையாளர்களுக்கு ஐந்து ஆண்டு என்பது மூன்று ஆண்டு என்றும் தொகுப்பில் இருக்கிறது. ஆசிரியர் அவர்கள் இந்த வரியைத் தம் அலுவலகத்துச் செய்தியாளர்களிடம் காட்டுவார் என்று நம்புகிறேன்.

ஐந்து ஆண்டு என்ற இந்த எல்லையைச் சுற்றி நடப்பவை தனிக் கதை. நாலரை ஆண்டு ஆனதும் ‘ஒரு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் புதிதாகச் சேர்ந்துகொள்’ என்பார்கள். சில இடங்களில் அதே கடைக்கு மனைவி பெயரில், மகன் பெயரில் இரண்டு மூன்று பெயர்ப் பலகைகள் இருக்கும். ஊழியரின் பெயர் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தாவிக்கொண்டிருக்கும், அவர் நிற்கும் இடம் மட்டும் மாறாது. இங்கே இரண்டு செய்திகள் பயன்படும். ஓராண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் அது முழு ஆண்டாகக் கணக்கிடப்படும் என்பதால், நான்கு ஆண்டும் ஐந்தாம் ஆண்டில் 240 நாளும் முடித்தவர் பணிக்கொடைக்கு உரியவர் என்று சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் கூறியிருக்கிறது. அடுத்தது, தமிழ்நாட்டில் 1981-இல் வந்த நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம். அதன் வரம்புக்குள் வரும் நிறுவனத்தில் 24 மாதங்களுக்குள் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்பது அதன் சாரம். 470-ஆம் நாளில் ‘பிரேக்’ கொடுப்பது ஏன் என்று இப்போது புரியும்.

இவ்வளவும் இருந்து என்ன, கையில் காகிதம் இல்லாவிட்டால்? நியமனக் கடிதம் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும், சம்பளச் சீட்டு கொடுக்க வேண்டும் என்று தொகுப்புகள் கட்டாயமாக்கியிருப்பது நல்லதே. ஆனால் நான் பார்த்த கடைகளில் முக்கால்வாசி, சம்பளத்தை உறையில் போட்டுக் கொடுத்து நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொள்பவை. அந்த நோட்டும் முதலாளியின் பீரோவில் இருக்கும். எனவே ஊழியர் தாமே சேர்த்துவைக்க வேண்டியவை உண்டு. சம்பளம் வரவான வங்கிப் பக்கத்தின் நகல், வருகை பற்றிய வாட்ஸ்அப் குழுச் செய்திகள், பணி அட்டை, கடையின் பெயரோடு எடுத்த பூஜை நாள் புகைப்படம், விடுப்புக்கு விண்ணப்பித்த குறுஞ்செய்தி. அற்பமாகத் தோன்றும் இவைதாம் ‘இவர் எங்கள் ஊழியரே இல்லை’ என்று நிறுவனம் சொல்லும் நாளில் பேசும். அப்படியும் சொல்வார்கள், விபத்து நடந்த மறுநாள் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன்.

இவற்றுள் மிக எளிதில் கிடைக்கும் ஆதாரம் பி.எஃப். கணக்கு. 20 பேர் வேலை செய்யும் நிறுவனம் பி.எஃப். வரம்புக்குள் வரும்; ஊழியர் 12 விழுக்காடு, நிறுவனம் 12 விழுக்காடு. இ.எஸ்.ஐ.க்கு 10 பேர் போதும். 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவரிடம் 0.75 விழுக்காடு பிடித்து, நிறுவனம் 3.25 விழுக்காடு சேர்த்துக் கட்ட வேண்டும். பிடித்துவிட்டுக் கட்டாமல் விடும் நிறுவனங்கள் உண்டு. ஊழியரிடம் பிடித்த பங்கைக் கட்டாமல் வைத்துக்கொள்வதை நம் குற்றவியல் சட்டம் நம்பிக்கை மோசடியாகவே பார்க்கிறது. ஆனால் கட்டவில்லை என்று ஊழியருக்குத் தெரிய வேண்டுமே. யு.ஏ.என். என்னும் பி.எஃப். உறுப்பினர் எண்ணோடு இணைந்த கைபேசிக்குத்தான் செய்தி வரும். பல சிறு நிறுவனங்களில் பதிவு செய்யும்போது வேகத்துக்காகக் கணக்கரின் கைபேசி எண்ணையே எல்லோருக்கும் போட்டுவிடுவார்கள். ஒரு கடையின் இருபது முப்பது பேருக்குப் போக வேண்டிய செய்திகள் ஒரே கைபேசியில் வந்து விழுவதைப் பார்த்திருக்கிறேன். தம் யு.ஏ.என். எண்ணில் இருப்பது யாருடைய கைபேசி என்பதை இதைப் படிப்பவர்கள் இன்றே பார்த்துக்கொள்வது நல்லது.

பெண் ஊழியர்களின் உரிமைகளைத் தனிக் கடிதமாகவே எழுத வேண்டும். இங்கே ராஜினாமாவோடு தொடர்புடையதை மட்டும் சொல்கிறேன். கருவுற்றிருப்பது தெரிந்ததும் ‘இரண்டு வருடம் கழித்து வா’ என்று எழுதி வாங்குவது கடைத்தெருவில் சாதாரணமாகிவிட்டது. பேறுகாலத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தாலே 26 வார ஊதியத்தோடு கூடிய விடுப்புக்கு அவர் உரியவர். உயிரோடிருக்கும் குழந்தைகள் இருவர் ஏற்கெனவே இருந்தால் 12 வாரம். இ.எஸ்.ஐ. இருந்தால் அந்த ஊதியத்தை முதலாளி தம் கையிலிருந்து தர வேண்டியதுகூட இல்லை. அந்த விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவது சட்டவிரோதம். பாலியல் தொல்லைக்கு ஆளாகி, புகார் சொன்னால் பெயர் கெடும் என்று பேசாமல் ராஜினாமா செய்துவிட்டுப் போகும் பெண்களும் உண்டு. வேலையை விட்டுவிட்டதாலேயே அவர்களின் புகார் உரிமை போய்விடுவதில்லை. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். 10 பேருக்குக் குறைவான இடத்தில் உள்ளகக் குழு இருக்காது. மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழு இருக்கிறது. விற்பனைப் பெண்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் கடைகள் சட்டத்தைத் திருத்தியதே, அதன் பயனைப் பார்க்க எந்த ஊர் ஜவுளிக்கடைக்கும் பண்டிகை நாளில் போய்ப் பார்க்கலாம். இருக்கை இருக்கும், அதன் மேல் சேலைக்கட்டு இருக்கும்.

நேரக் கணக்கும் அப்படித்தான். கடைகள் சட்டப்படி நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி; மிகைநேரம் சேர்த்தாலும் நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணி; மிகைநேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம். 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளுக்கு 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்த மசோதா நிறைவேறியபோது தமிழகமே கொதித்தது. மே நாளன்று முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். நல்லது. அதே 12 மணி நேரத்தைத் தீபாவளிக்கு முந்தைய மாதம் முழுதும் கடைத்தெருவில் சட்டத்துக்கு முரணாகவே வாங்குகிறார்களே, அதற்கு யாரும் கொதிக்கவில்லை. தொழிற்சாலைத் தொழிலாளிக்குச் சங்கம் இருக்கிறது, கொடி இருக்கிறது, 1918-இல் சென்னையில் தொடங்கிய தொழிற்சங்க வரலாறு இருக்கிறது. கடை ஊழியருக்கு அண்ணாச்சி மட்டும்தான் இருக்கிறார்.

அண்ணாச்சியின் தரப்பையும் சொல்லியாக வேண்டும். சிறு முதலாளிகளில் பலருக்கு இந்தச் சட்டங்கள் எவையும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய மொழியில் அவை இல்லை. வருடத்துக்கு ஒருமுறை வரும் ஆய்வாளர், பதிவேட்டில் எந்தப் பத்தி விடுபட்டது என்று கேட்பாரே தவிர, பணிக்கொடைக்கு ஆண்டுதோறும் கொஞ்சம் ஒதுக்கி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டதை நான் பார்த்ததில்லை. எட்டு பத்து ஊழியருக்கு ஒரே நேரத்தில் பணிக்கொடை கொடுக்க நேர்ந்தால் கடையே ஆடிப்போகும் என்ற அச்சம் நியாயமானது. அந்த அச்சம்தான் பாதி ராஜினாமாக் கடிதங்களை எழுத வைக்கிறது. எல்.ஐ.சி.யின் குழுப் பணிக்கொடைத் திட்டத்தில் ஆண்டுக்கொரு தொகை கட்டிவந்தால் இந்தச் சுமை ஒருநாளில் வந்து விழாது என்பதை நான் சொன்ன முதலாளிகளில் சிலர் கேட்டுக்கொண்டார்கள். பலர் ‘அப்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்றார்கள்.

செலவுக்கு அஞ்சி வழக்குப் போகாதவர்களுக்கு ஒரு செய்தி. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தில், இலவச சட்ட உதவிக்கு உரியோர் பட்டியலில் பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் ஆகியோரோடு தொழிலாளர்களும் தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறார்கள். இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். ‘சூப்பர்வைசர்’, ‘மேனேஜர்’ என்று பெயர்ப் பட்டையில் போட்டிருப்பதால் தமக்குச் சட்டம் பொருந்தாது என்று நினைப்பவர்களும் அங்கே போய்க் கேட்கலாம். பட்டையில் உள்ள பெயரை நீதிமன்றங்கள் பார்ப்பதில்லை, உண்மையில் செய்த வேலையைத்தான் பார்க்கின்றன.

அரசிடம் பெரிதாக எதையும் கேட்கவில்லை. ஓர் ஊழியர் வேலையை விட்டதும் நிறுவனம் பி.எஃப். இணையதளத்தில் அவருடைய விலகல் தேதியையும் காரணத்தையும் பதிய வேண்டும். அந்தப் பதிவு ஏறிய அன்றே, ஊழியரின் கைபேசிக்குத் தமிழில் ஒரு குறுஞ்செய்தி போகச் செய்யலாம். ‘நீங்கள் இன்ன தேதியில் ராஜினாமா செய்ததாக உங்கள் நிறுவனம் பதிந்துள்ளது. சம்பளப் பாக்கி இரண்டு வேலைநாளில் வர வேண்டும். ஐந்து ஆண்டு முடிந்திருந்தால் பணிக்கொடை 30 நாளில் வர வேண்டும். இது உங்கள் விருப்பப்படி நடந்த ராஜினாமா அல்ல என்றால் 30 நாளுக்குள் தொழிலாளர் துறை அலுவலகத்தை அணுகவும்’ என்ற நான்கு வரி போதும். விலகலைப் பதியும் இடமும் செய்தி அனுப்பும் ஏற்பாடும் ஏற்கெனவே இருப்பவை என்பதால் புதிதாகச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. ஒன்றிய அரசின் வைப்பு நிதி அமைப்பும் மாநிலத் தொழிலாளர் துறையும் ஒருமுறை உட்கார்ந்து பேசினால் முடியக்கூடிய காரியம். தொழிலாளர் துறை அமைச்சர் இதைக் கவனிப்பார் என்று எதிர்பார்க்கிறேன். அது நடக்கும் வரையிலாவது, தங்கள் நாளிதழ் ஞாயிறுதோறும் ஒரு சிறு கட்டத்தில் இந்தக் கெடுக்களை வெளியிட்டால், கடைத்தெருவில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேப்பர் படிக்கும் ஊழியர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர்,
விருதுநகர்.